ஓங்கரிப்பா, வாந்தியா? களக்காட்டு நாய் ஒன்றுக்கு இரைப்பை முறுக்கிக்கொண்ட இரவு: நிகழ்வு ஆய்வு

சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை இரவு. வெள்ளையன் என்கிற ராஜபாளையம் நாய்க்கு இரைப்பை காற்றால் ஊதி, ஊதிய வாக்கிலேயே முக்கால் சுற்றுத் திரும்பியும் போனது. கால்நடை மருத்துவர்கள் ஜி.டி.வி. என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். நல்ல உடம்போடு இருந்த நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடக்கூடியது. வெள்ளையன் பிழைத்துக்கொண்டான். அன்று வந்த முதல் போனை எடுத்த கால்நடை மருத்துவன் நான். அதில் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் ஒன்றேகால் மணி நேரம் வீணாகப் போனது. அதை மறைத்து இந்த நிகழ்வை எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும். வீட்டாரிடம் கேட்டேன். "எழுதுங்க சார், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார் நாயை வளர்க்கிற அண்ணாச்சி.

நாயும் வீடும்

ஆண், ஏழு வயது, எடை 31 கிலோ. களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் காவல். தூய வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, ஆழமாக இறங்கிய நெஞ்சு, அதற்குப் பின்னால் ஒட்டி ஏறிய வயிறு. ராஜபாளையத்துக்கு இதுதான் அழகு என்பார்கள். 2005-ல் அஞ்சல்தலையில் வந்த இனம். ஆனால் அந்த ஆழமான நெஞ்சுக்கூட்டுக்குள்தான் இரைப்பைக்கு ஊசலாட இடம் அதிகம். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், செயின்ட் பெர்னார்ட் என்று இந்த நோய்க்குப் பேர்போன இனங்களையெல்லாம் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பாருங்கள், அதே வடிவம்தான். நம் நாட்டு நாய் இனங்களான சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் நெஞ்சு அப்படித்தான் அமைந்திருக்கிறது. அதனால் 'இது வெளிநாட்டு நாய்க்கு வருகிற சீக்கு' என்று நம் பக்கத்தில் யாரும் இருந்துவிட வேண்டாம்.

தடுப்பூசிகள் முறையாகப் போட்டிருந்தார்கள். இதற்கு முன் பெரிய நோய் எதுவும் இல்லை. சாப்பாடு ஒரே வேளை, சாயங்காலம். மற்ற நாட்களில் சோறும் குழம்பும், கிடைத்தால் கோழிக்கால். அள்ளி அள்ளி விழுங்குகிற பழக்கம். "கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள சட்டி காலியாயிரும்" என்று பிறகு அந்த வீட்டு ஆச்சி சொன்னார்.

வெள்ளிக்கிழமை இரவு குடும்பக் கோயில் கொடை விழா. சனிக்கிழமை மத்தியானம் கிடாக்கறிச் சோறு. சாயங்காலம் ஆறரைக்கு மிச்சச் சோறு, கொழுப்பு, எலும்பு எல்லாவற்றையும் ஒரு குத்துப்போணியில் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கத்தைப் போல ரெண்டு பங்கு இருக்கும். தின்று முடித்துத் தொட்டியில் தலையைவிட்டுத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு, தோட்டத்துக்குள் நுழைந்த வேற்று நாயை வரப்பு வழியே கொஞ்ச தூரம் விரட்டிவிட்டு வந்திருக்கிறான். எட்டேமுக்காலுக்கு ஒரு இடத்தில் படுக்க மாட்டாமல் எழுவதும் சுற்றுவதும், விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தான்.

9.40 மணி, முதல் போன்

பேசியது அண்ணாச்சியின் மகன். வெளியூரில் வேலை, கொடைக்கு வந்திருந்தார்.

"டாக்டர், நாய் வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கு. சாயங்காலம் கறிச்சோறு தின்னுச்சு. ஏதாவது மாத்திரை சொல்லுங்க."

ரத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, வெள்ளையாக நுரைதான் என்றார். எத்தனை தடவை என்று கேட்டேன். அஞ்சாறு தடவை என்றார். கொடை முடிந்த மறுநாள் இந்த மாதிரிப் போன்கள் எங்களுக்குப் புதிதில்லை. கொழுப்புக் கறி தின்று வாந்தி எடுக்காத நாய் எது? ராத்திரிக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம், தண்ணீர் கொஞ்சமாக வையுங்கள், காலையில் போன் பண்ணுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தின்ற சோறு வெளியே வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு சோற்றைத் தின்ற நாய் ஆறு தடவை வாந்தி எடுத்திருந்தால் முதல் தடவையிலேயே முற்றத்தில் சோறு கிடந்திருக்க வேண்டும். வெறும் நுரை என்றால், விழுங்க முடியாமல் திரும்பி வருகிற எச்சில் அது. உள்ளே போகிற வழியும் வெளியே வருகிற வழியும் அடைபட்டதற்கு அதுவே அடையாளம். 'வயிறு எப்படி இருக்கிறது, தட்டிப் பாருங்கள்' என்றும் நான் சொல்லவில்லை.

10.55, இரண்டாவது போன்

இந்தத் தடவை ஆச்சி.

"ஐயா, இவன் வாந்தி எடுக்கல. ஓங்கரிக்கான். ஓங்கரிச்சு ஓங்கரிச்சு ஒண்ணும் வரமாட்டேங்கு. வயிறு மத்தளம் மாரி கிண்ணுனு இருக்கு. மாட்டுக்கு உப்புசம் வந்த மாதிரியே இருக்கேனு நல்லெண்ணெய் குடுத்தேன், பாதி வாயிலேயே வழிஞ்சிட்டு."

ஓங்கரிக்கான். இந்த ஒரு சொல்லில் நோய் பிடிபட்டுவிட்டது. வயிற்றிலிருந்து ஒன்று வெளியே வந்தால் வாந்தி. உடம்பு முழுக்க முக்கி முனகி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் போனால் ஓங்கரிப்பு. படித்தவர்கள் ரெண்டையும் சேர்த்து வாந்தி என்று சொல்லிவிடுகிறோம். ஆச்சிக்கு அது ரெண்டு வேறு காரியம். அவரே முதல் போனைப் பேசியிருந்தால் எனக்கும் அப்போதே விளங்கியிருக்கும்.

வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பச் சொன்னேன். இருபது விநாடி போதுமானதாக இருந்தது. முன்னங்கால்களை அகட்டி, தலையைத் தாழ்த்தி, கடைவாயில் நூல்நூலாக எச்சில் தொங்க நிற்கிறான். கடைசி விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது. யாரோ ஒருவர் விரலால் சுண்டுகிறார், அந்தச் சத்தம் போனிலேயே கேட்கிறது. "உடனே காரை எடுங்க, இனி வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, அவன் எப்படி இருக்கணும்னு நினைக்கானோ அப்படியே விடுங்க" என்றேன்.

நல்லெண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆச்சி செய்ததில் அறியாமை எதுவும் இல்லை. மாட்டு அனுபவத்தை நாய்க்குப் பயன்படுத்தினார், அவ்வளவுதான். பசும்பயறு, இளந்தழை தின்ற மாட்டுக்கு வருகிற நுரை உப்புசத்தில் எண்ணெய் அந்த நுரையை உடைக்கும், காற்று ஏப்பமாக வெளியேறும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தெரிந்துகொண்ட வைத்தியம், எங்கள் பாடத்திலும் உள்ளது. ஆனால் அங்கே வழி திறந்திருக்கிறது. முறுக்கிய நாய் வயிற்றில் வழியே கிடையாது. ஊற்றுகிற எண்ணெய் இரைப்பைக்குப் போகாமல் தொண்டையில் தேங்கி மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம். இறங்கினால், நாய் பிழைத்தாலும் பின்னால் நுரையீரல் கெட்டுப்போகும்.

முறுக்கினால் என்ன ஆகிறது

சேலையில் கட்டிய தொட்டிலைப் பிள்ளைகள் பிடித்துச் சுற்றி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றச் சுற்ற மேலே இருக்கிற கழுத்து இறுகும், தொட்டில் மூடிக்கொள்ளும். இரைப்பையும் இரண்டு முனையில் தொங்குகிற பைதான். ஒரு முனையில் உணவுக்குழாய், மறு முனையில் சிறுகுடல். வலப்பக்கம் இருக்க வேண்டிய குடல் பக்கத்து வாய் அடிவழியாக இடப்பக்கம் போய் மேலே ஏறிக்கொள்ளும்போது இரண்டு முனையும் சேர்ந்து இறுகிவிடுகின்றன. உள்ளே காற்று பெருகிக்கொண்டே இருக்கும், ஏப்பமாகவும் போகாது, குடலுக்குள்ளும் போகாது.

உயிரை எடுப்பது வலியோ காற்றோ மட்டும் இல்லை. ஊதிய இரைப்பை, பின்னுடம்பிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டு வருகிற பெருஞ்சிரையையும், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகிற சிரையையும் நசுக்குகிறது. ரத்தம் பின்னாலேயே தேங்கிப்போய், இதயத்துக்கு வந்து சேர்வது குறைகிறது. நாய் ஒரு சொட்டு ரத்தமும் சிந்தாமலே ரத்தம் வடிந்த நாய் மாதிரி ஆகிவிடும். இதோடு மண்ணீரலும் இரைப்பையோடு இழுபட்டு மடங்குகிறது. இரைப்பைச் சுவருக்கு ரத்தம் நின்றுபோனால் அது கருத்து அழுகத் தொடங்கும். அதனால்தான் முதலில் காற்றையும் ரத்த ஓட்டத்தையும் சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகே கத்தியை எடுக்கிறோம்.

நாங்குநேரி

களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டையில் இருக்கிற என் மருத்துவமனைக்கு வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் அவன் தாங்குவானா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. வழியில் நாங்குநேரியில் எனக்குத் தெரிந்த மூத்த கால்நடை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். மாடு, ஆடுதான் அவருக்குத் தினப்பாடு. தூக்கத்திலிருந்து எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். "கொண்டு வரச் சொல்லுப்பா, வாசல்ல லைட்டைப் போட்டு வைக்கேன்" என்றார்.

11.30-க்குக் கார் அவர் வீட்டு வாசலில் நின்றது. பின் சீட்டை விட்டு நாயை இறக்கவே இல்லை. செல்போன் வெளிச்சத்தில், வலப்பக்கம் கடைசி விலாவுக்குப் பின்னால், சுண்டினால் எங்கே சத்தம் உரக்கக் கேட்கிறதோ அந்த இடத்தை விரலால் தேடினார். மந்தமான சத்தம் கேட்டால் அடியில் மண்ணீரல் இருக்கலாம், அங்கே குத்தக் கூடாது. ஒரு கையகலம் மயிரை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, 16 நம்பர் ஊசியை நேராக இறக்கினார். சைக்கிள் ட்யூபில் வால்வைப் பிடுங்கினால் வருகிற சத்தம் வந்தது என்று அண்ணாச்சி சொன்னார். புளித்த சோற்று வாடை கார் முழுக்க. ஊசி விலகிவிடாமல் மூன்று நான்கு நிமிடம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதுவரை தலை தொங்கக் கிடந்தவன் தலையைத் தூக்கி ஆச்சியைப் பார்த்தானாம்.

வெள்ளையன் என் மேசைக்கு உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அந்த ஊசியே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். மாட்டின் உப்புசத்துக்கு இடப்பக்கம் ட்ரோக்கார் என்கிற குழாய் ஊசி குத்தத் தெரிந்த எந்தக் கால்நடை மருத்துவருக்கும் இது கைவந்த வேலை. பக்கம் மட்டும் மாறுகிறது, அதுவும் பெரும்பாலும்தான். சத்தம் எங்கே உரக்கக் கேட்கிறதோ அதுவே கணக்கு. நோயாளியைப் பெரிய இடத்துக்கு அனுப்புகிறவர் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிட்டு அனுப்பினால் போகிற வழி பாதியாகக் குறைந்தது மாதிரி.

மேசையில், 12.10

ஈறு வெளுத்திருந்தது. விரலால் அழுத்திவிட்டால் நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆனது. நாடி நிமிடத்துக்கு 184, தொடையில் நூல் மாதிரி. மூச்சு 60. உடம்புச் சூடு 98.6 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதருக்கு அது சரியான அளவு, நாய்க்கோ குளிர்ந்த உடம்பு. மேல் ரத்த அழுத்தம் 78. ரத்தத்தில் லாக்டேட் 6.8 மில்லிமோல்.

லாக்டேட் பற்றி ஒரு சொல். திசுக்களுக்கு ஆக்சிஜன் போகாதபோது ரத்தத்தில் ஏறுகிற பொருள் இது, சர்க்கரை பார்க்கிற மாதிரி ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், 6-க்குக் கீழே இருந்த நாய்களில் 99 சதவீதமும் மேலே இருந்தவற்றில் 58 சதவீதமும் பிழைத்தன. அந்த 6 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கைவிரித்துவிடக் கூடாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. சிகிச்சை தொடங்கிய பிறகு எவ்வளவு இறங்குகிறது என்பதே அதிகம் சொல்லும். எனவே 6.8-ஐக் குறித்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம்.

இரண்டு முன்னங்கால்களிலும் 18 நம்பர் கேனுலா. பின்னங்கால் வேண்டாம். அங்கே ஏற்றுகிற தண்ணீர், நசுங்கிய சிரைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புக் கரைசல் கிலோவுக்கு 20 மில்லி வீதம், அதாவது 620 மில்லி, பதினைந்து நிமிடத்தில் ஏற்றினோம். நாடியைப் பார்த்துவிட்டு மறுபடி அதே அளவு. அப்புறம் பாதி அளவு. முதல் ஒரு மணி நேரத்தில் மொத்தம் ஒன்றரை லிட்டர் போனது. வலிக்கு பியூட்டார்ஃபனால். மெலாக்ஸிகாம் மாதிரியான வலி ஊசிகளைத் தொடவில்லை. ரத்தம் போகாத இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் அவை இன்னொரு அடி.

வழியில் மறுபடி காற்று சேர்ந்திருந்தது. இரைப்பைக் குழாயை மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா வரை அளந்து பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வைத்தேன். பேண்டேஜ் சுருளைப் பற்களுக்கு நடுவே கொடுத்து, அதன் ஓட்டை வழியாகக் குழாயைச் செலுத்தினேன். இரைப்பை வாயில் முட்டி நின்றது. தள்ளினால் உணவுக்குழாய் கிழியும், தள்ளவில்லை. நாயை உட்கார்ந்த வாக்கில் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, குழாயை லேசாகத் திருகிக்கொண்டே இறக்கியபோது வழிவிட்டது. காற்று, பழுப்பு நுரை, அதன் பின்னால் சோற்றுப் பருக்கைகள்.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். குழாய் உள்ளே போனதால் முறுக்கு இல்லை என்று ஆகாது. அதற்குத்தான் வலப்பக்கம் படுக்கவைத்து ஒரு எக்ஸ்ரே. இரைப்பை ஒரே பையாகத் தெரியாமல், நடுவே சுவர் வைத்த இரண்டு அறை மாதிரித் தெரிந்தது. சின்ன அறை மேலே, முன்னால். அது இடம் மாறிப்போன குடல் பக்கத்து வாய். நெஞ்சையும் ஒரு படம் எடுத்தோம். எண்ணெய் நுரையீரலில் இறங்கிய தடயம் அப்போதைக்கு இல்லை.

ஒரு மணிக்கு லாக்டேட் 3.9, ரத்த அழுத்தம் 104, நாடி 140.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

"இப்பந்தான் காத்து போயிட்டே சார். நல்லாத்தானே நிக்கான். பிறகு எதுக்கு வயித்தைக் கிழிக்கணும்?"

நியாயமான கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து எக்ஸ்ரேயைக் காட்டினேன். "காத்துதான் போயிருக்கு அண்ணாச்சி, முறுக்கு அப்படியே இருக்கு. விடியுறதுக்குள்ள மறுபடி ஊதும். உள்ள சுவர் கருத்திருக்கானு திறந்து பாத்தாத்தான் தெரியும். அப்படியே தானா அவுந்தாலும், தைச்சு நிறுத்தலைன்னா பாதிக்கு மேல நாய்களுக்குத் திரும்ப வந்துரும். தைச்சிட்டா நூத்துக்கு அஞ்சு கூட வராது." அறுவை செய்தாலும் இழக்க வாய்ப்பு உண்டு என்பதையும், பத்தில் ஒன்றிரண்டு, சில இடங்களில் மூன்று வரை போய்விடும் என்பதையும், அடுத்த மூன்று நாள் இதயம் தொந்தரவு கொடுக்கலாம் என்பதையும் சொன்னேன். செலவையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி, "தோட்டத்துல ராத்திரி பன்னி வந்தா நீரா எந்திச்சுப் போறீரு?" என்று கேட்டார். கையெழுத்து போட்டுக் கொடுத்தார்.

1.35 முதல் 3 மணி வரை

புரோபோபாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து மயக்கி, மூச்சுக்குழாய் போட்டு, ஐசோஃப்ளூரேன் மயக்க வாயுவில் வைத்திருந்தோம். நெஞ்செலும்பின் முனையிலிருந்து தொப்புளைத் தாண்டி நடுக்கோட்டில் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது கொழுப்புத் திரை. சாதாரணமாகத் திறந்தால் இரைப்பை தெரியும். இங்கே அந்தத் திரை போர்வை மாதிரி அதன்மேல் போர்த்திக் கிடந்தது. வலஞ்சுழியாக முறுக்கியதற்கு அதுதான் அடையாளம். அடியில் இரைப்பை, முற்றிய கத்திரிக்காய் நிறத்தில்.

உதவியாளர் குழாய் வழியாக மீதிக் காற்றை எடுத்தார். மேலே ஏறிக் கிடந்த குடல் பக்கத்து வாயை இடப்பக்கத்திலிருந்து வலக்கையால் பிடித்து என் பக்கம் மெதுவாக இழுத்து, அதே நேரம் இடக்கையால் பையின் உடம்பைக் கீழே அழுத்தினேன். ஒரு கணம் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் எண்ணெய்க்குடம் சரிவது மாதிரி வழுக்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பியது. நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நல்லா அடிக்குது சார்" என்றார்.

இனி அவசரப்படக் கூடாது. நிறத்தைப் பார்த்து உடனே வெட்டுகிறவர்கள் உண்டு. இரைப்பைக்குப் பத்து நிமிடம் கொடுக்க வேண்டும் என்பது ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் மனதில் பதிந்த பாடம். வெதுவெதுப்பான சலைன் துணியைப் போர்த்திவிட்டு மண்ணீரலைப் பார்த்தேன். ரெண்டு மடங்கு வீங்கிக் கருத்திருந்தாலும் அதன் தமனிகளில் துடிப்பு திரும்பிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டேன். இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் நடுவே உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் இரண்டு அறுந்து, வயிற்றுக்குள் ஒரு டம்ளர் அளவு ரத்தம் நின்றது. கட்டினோம்.

துணியை எடுத்தபோது கத்திரிக்காய் நிறம் சிவப்பாகியிருந்தது. மேல் வளைவில் ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் இன்னும் மங்கல். அந்த இடத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்தேன். உயிருள்ள இரைப்பைச் சுவரை இப்படிப் பிடித்தால் உள்தோல் விரலிடுக்கில் வழுக்கி நழுவும், ஈரச் சேலை மடிப்பு மாதிரி. செத்த சுவர் காகிதம் போல் மெல்லிசாக இருக்கும், நழுவாது. அது நழுவியது. மேல்தோலில் ஒரு சின்னக் கீறல் போட்டேன், சிவப்பு ரத்தம் கசிந்தது. வெட்டத் தேவையில்லை. இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வந்தால் நாய் பிழைக்கிற வாய்ப்பு குறையும். அதனால் அந்தக் கசிவைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயில் விட்டு வயிற்றைக் கழுவினோம். ஒரு போணி நிறையச் சோறும் எலும்புத் துண்டும் வந்தன. பிறகு இரைப்பையை நிலைநிறுத்துகிற தையல். கடைசி விலாவுக்குப் பின்னால், வலப்பக்க வயிற்றுச் சுவரின் உட்புறத் தசையில் ஐந்து சென்டிமீட்டர் கீறல். இரைப்பையின் குடல் பக்கத்து முனையில், உள்தோலைத் தொடாமல் வெளி அடுக்கில் மட்டும், அதே அளவு கீறல். இரண்டு புண்ணையும் உதட்டோடு உதடு வைத்து, மெதுவாகக் கரைகிற நூலால் தைத்தோம். நூல் கரைந்த பிறகும் தழும்பு பிடித்து நிற்கும். இந்தத் தையல் போட்ட நாய்க்கு இனி வயிறு ஊதலாம், முறுக்குவது மிக அரிது.

பிறகு வந்த மூன்று நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து நின்றான், சிறுநீர் போனான். மத்தியானம் லாக்டேட் 1.9. வீட்டார் நிம்மதியாகக் காபி குடிக்கப் போனார்கள். நான் இசிஜி வயர்களைக் கழற்றவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அது வந்தது. இதயத்தின் கீழறையிலிருந்து முறை தவறிக் கிளம்புகிற துடிப்புகள், முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் வரிசையாக, நிமிடத்துக்கு 170-க்கு மேல். இரைப்பை முறுக்கிய நாய்களில் பத்தில் நான்கு வரை இது வருகிறது. அறுவை முடிந்து 12-லிருந்து 36 மணி நேரத்துக்குள் தலைகாட்டுவது வழக்கம். பொட்டாசியம் பார்த்தால் 3.1, குறைவு. அதைச் சேர்த்து ஏற்றினோம். அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்ன் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் சிரையில் மெதுவாக, பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை, பிறகு சொட்டு மருந்தாக. நாடி 120-க்கு வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிற தப்புத் துடிப்புகளுக்கெல்லாம் மருந்து தேவையில்லை. வேகம் கூடி, ரத்த அழுத்தம் இறங்கினால்தான் தேவை. திங்கள் இரவு சொட்டு மருந்தை நிறுத்தினோம்.

தண்ணீர் ஞாயிறு இரவு, கரண்டிக் கணக்கில். திங்கள் காலை குழைந்த சோறும் அவித்த கோழியும் ஒரு கைப்பிடி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. எண்ணெய் குடித்த கவலையில் தினமும் நெஞ்சைக் கேட்டேன், இருமல் வரவில்லை. புதன்கிழமை வீட்டுக்குப் போனான். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தோம்.

திரும்பிப் பார்க்கையில்

முதல் போனிலேயே கிளம்பச் சொல்லியிருந்தால் பத்தே முக்காலுக்கே மேசையில் இருந்திருப்பான். மண்ணீரல் அவ்வளவு வீங்கியிருக்காது, லாக்டேட் அவ்வளவு ஏறியிருக்காது. இதயத் தொந்தரவே வராமல் போயிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முறுக்கு நீடிக்கிற ஒவ்வொரு மணியும் ஆபத்தைக் கூட்டும் என்பதில் சந்தேகம் இல்லை. இப்போது என் மருத்துவமனைப் போன் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். வாந்தி என்று யார் கூப்பிட்டாலும், தின்றது வெளியே வந்ததா, வயிற்றைச் சுண்டினால் என்ன சத்தம், படுக்கிறானா இல்லையா என்ற மூன்றையும் கேட்காமல் போனை வைப்பதில்லை. ஓங்கரிக்கிறான், ஒன்றும் வரவில்லை என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை. நடுராத்திரி ஆனாலும் கிளம்பச் சொல்கிறோம். ஒன்றுமில்லாத நாய் ஒன்று வீணாக வந்து திரும்பினால் போகட்டும்.

வெள்ளையனிடம் ஆபத்தைக் கூட்டுகிற அம்சங்கள் ஒன்றிரண்டு அல்ல. ஆழமான நெஞ்சு, ஏழு வயது, ஒரே வேளை வயிறு முட்டச் சாப்பாடு, விழுங்குகிற வேகம். கூடப்பிறந்ததுக்கோ பெற்றதுக்கோ பிள்ளைக்கோ இந்த நோய் வந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் பெரிய நாய்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்துச் சொன்னவை இவை. சாப்பாட்டுச் சட்டியை உயரத்தில் வைப்பதும் ஆபத்தைக் கூட்டுவதாக அவர்கள் கண்டார்கள். அதற்கு மாறாகச் சொல்கிறவர்களும் உண்டு என்றாலும், தரையில் வைப்பதால் எதுவும் கெட்டுவிடாது. தின்றதும் ஓடியதுதான் காரணமா என்று அண்ணாச்சி திரும்பத் திரும்பக் கேட்டார். அதை மட்டும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தின்ற பிறகு ஒரு மணி நேரம் கட்டிப் போடுங்கள் என்றேன்.

ஆச்சி சாப்பாட்டை மூன்று வேளையாகப் பிரித்துவிட்டார். சட்டியின் நடுவே ஆற்றங்கல் ஒன்றைக் கழுவிப் போட்டு, அதைச் சுற்றிச் சோறு வைக்கிறார். கல்லை நகர்த்தி நகர்த்தித் தின்ன அவனுக்கு இப்போது பத்து நிமிடம் ஆகிறது.

அதே வீட்டில் வெள்ளையனின் மகள் ஒருத்தி இருக்கிறாள், பதினான்கு மாதம். அப்பனுக்கு வந்ததால் அவளுக்கும் வாய்ப்பு கூடுதல். ஆவணியில் கருத்தடை அறுவைக்குக் கொண்டு வந்தபோது, அதே மயக்கத்தில் அவளுடைய இரைப்பையையும் வலப்பக்கச் சுவரோடு தைத்துவிட்டோம். கூடுதலாக இருபது நிமிடம் ஆனது. மறுநாள் சாயங்காலம் ஆச்சி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.